டெலிபோனம்மாவின் மூக்கு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மில்லுக்காரி தன் பையைத் திறப்பாள். பன்னிரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள் வெளியே வரும். எல்லாம் இருமல் மருந்து இருந்தவை. கழுவிக் காயவைத்து, உள்ளே இருப்பது தெரியாதபடி பழுப்புக் காகிதம் ஒட்டியிருப்பாள். மிளகு, சீரகம், கடுகு, கொத்தமல்லி, ஏலக்காய், கிராம்பு, பட்டை, சோம்பு, வெந்தயம் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டுவாள். முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும்.

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த பதவி பொழுதுபோக்குப் பொறுப்பு. அதற்கு முன் பதினோரு வருஷம் மசாலாப் பொடி அரைக்கும் மில்லில் நின்றவள். தூசு நெஞ்சில் இறங்கி, வேலையை மாற்று என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்தாள். மில்லை விட்டாலும் பெயர் அவளை விடவில்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் பெரியவர்களுக்கு வண்ணக் குச்சியும் முயல் படமும் கொடுத்துப் பழக்கப்படுத்தப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு வருஷம் கோட்டு தைச்சவன்யா நான். என்னப் போயி முயலுக்குப் பச்சை அடிக்கச் சொல்ற" என்று டைலர் குச்சிகளை ஜன்னல் வழியாக எறிந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேரும் எறிந்தார்கள்.

புட்டிகள் வந்த பிறகு எறிவது நின்றது, சண்டை ஆரம்பித்தது. சோம்பா சீரகமா என்று அரை மணி நேரம் ஓடும். கிராம்பை முகர்ந்தால் பல்வலிப் பேச்சு வரும். பல்வலியிலிருந்து பல் பிடுங்கிய கதை, அங்கிருந்து பிடுங்கின டாக்டரின் இரண்டாம் கல்யாணம். வாரத்தில் ஆறு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள்கூட வியாழக்கிழமை "அது பட்டை இல்ல, நான் சொல்றேன் கேளு" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்.

டெலிபோனம்மாவுக்கு மட்டும் ஒன்றும் சரியாக வரவில்லை. மிளகை நீட்டினால் சோம்பு என்பார். ஏலக்காயைச் சீரகம் என்பார். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்காமல் இருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

எழுபத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திநாலு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர். பேசுகிறவர் வாயைத் திறக்கும் முன், மூச்சு விடுவதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். மகன் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவன் கைபட்ட லிப்ட்தான் ஏறி இறங்குகிறது. அவன் குடியிருக்கிற வீடு மூன்றாவது மாடி, அங்கே லிப்ட் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன் டெலிபோனம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததும், அந்தப் படிகளை இனி அவர் ஏற முடியாது என்று ஆனது. இங்கே கொண்டுவந்து விட்டான்.

ஆனால் படி மட்டும் காரணமில்லை. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மகன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க கேஸ் வாடை. சமையலறை வாசலில் டெலிபோனம்மா நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒன்றரை வயசுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை மூட மறந்துவிட்டார் என்று ஆயிற்று. அன்றைக்கு மகன் போட்ட சத்தம் கீழ் வீடு வரை கேட்டது. மருமகள் சத்தம் போடவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் அதன் பிறகு மாமியாரிடம் தனியாக விடவேயில்லை. டெலிபோனம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இல்லத்தில் அவர் சாப்பாடு நாளுக்கு நாள் குறைந்தது. கஞ்சியை நாலு கரண்டி, அவித்த காயை இரண்டு துண்டு, போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். வளையல் முழங்கைவரை ஏறியது. இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் கெட்டவரில்லை. நாற்பத்தாறு பேருக்கு ஒரு நேரத்துக்கு மூன்று ஆட்கள்தான் அவரிடம் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பது மட்டுமே அவர் கவலை. டெலிபோனம்மாவின் கோப்பில் அவர் எழுதி வைத்தார்: சாப்பிட மறுக்கிறார். திரிந்த பாலைக் குடித்துவிட்டார். தெரிந்த பொருட்களை அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை எல்லாரும் எழுந்து போன பிறகு மில்லுக்காரி புட்டிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த டெலிபோனம்மா திரும்பாமலே சொன்னார்:

"அது கடுகு. மூடி சரியா விழல. பையில கொட்டப் போவுது."

பைக்குள் பார்த்தாள். கடுகு சிதறியிருந்தது. மில்லுக்காரி அந்த மூடியை அழுத்தி மூடினாள். பிறகு இன்னொரு புட்டியை எடுத்துக் குலுக்கினாள்.

"கொத்தமல்லி."

இன்னொன்று.

"மிளகு. என்ன, எனக்கு வேடிக்கை காட்டுறியா?"

இன்னொன்று.

"ஏலக்காய். நாலஞ்சுதான் கெடக்கு. மிச்சம் டைலர் பாக்கெட்டுக்குப் போயாச்சு."

மில்லுக்காரி நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அரை மணிக்கு முன்ன இதே மிளகத்தான் உங்க மூக்குகிட்ட நீட்டினேன். சோம்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"எல்லாரும் வாயப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

"குலுக்கிப் பாத்துச் சொல்லியிருக்கலாமே?"

"வெளையாட்டு மூக்குக்குத்தானே வச்சிருக்க? காதால ஜெயிச்சா அது கள்ள ஆட்டம்."

மில்லுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. "வாசனையே தெரியலையாம்மா?"

 சமையலறையில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு காய்ச்சல்ல பத்து நாள் படுத்தேன். எழுந்தா மூக்கு செத்துக் கெடக்கு. சோப்பும் ஒண்ணு, சோறும் ஒண்ணு. திரிஞ்ச பாலுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது வெள்ளத் தண்ணி."

"அதான் சாப்பிட மாட்டேங்கிறீங்களா?"

"நனைஞ்ச காகிதத்த நீ எவ்வளவு நேரம் மெல்லுவ?"

"மேடம்கிட்ட சொல்லலாம்ல. வீட்ல சொல்லலாம்ல."

"மூக்கு போச்சுன்னு சொல்லு, அடுத்தது காது இருக்கா, கண்ணு இருக்கான்னு ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பாங்க. எனக்குப் பிடிக்காது." டெலிபோனம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதுவும் இல்லாம, கேஸ் நாத்தம் வீடு பூரா அடிச்சிருக்கு, நான் அங்கயே உக்காந்து பேப்பர் படிச்சிருக்கேன். குழந்த உள்ள தூங்குது. எனக்குத் தெரியவே இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

"அடுப்ப மூட மறந்துட்டீங்களாமே."

"மூடினேன்." உடனே வந்தது பதில். பிறகு குரல் இறங்கியது. "மூடினேன்னுதான் நெனைக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து மூடலன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, மூடினவளுக்கே சந்தேகம் வந்துராதா? ராத்திரி படுத்தா என் கை அந்தக் குமிழத் திருப்புதான்னு நானே யோசிச்சுப் பாப்பேன். ஒருநாள் திருப்பும். ஒருநாள் திருப்பாது."

மில்லுக்காரி ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள். சொல்லிவிட்டாள். "அம்மா, அடுத்த சனிக்கிழம உங்க பையன் வர்றாரு. கையெழுத்துப் போட."

"என்ன கையெழுத்து?"

"மேல் மாடிக்கு மாத்த."

மேல் மாடி எதுவென்று இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். நம்பர் பூட்டுப் போட்ட கதவு. அதற்குள் தன் பெயரே தெரியாமல் போனவர்கள். போனவர்கள் படி இறங்கி வந்ததில்லை.

டெலிபோனம்மாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. "யாரக் கேட்டுப் போடுறான்?"

"மேடம் போன்ல பேசியிருக்காங்க..."

"என்னக் கேட்டாங்களா? என் காலு என் தலைய கேட்காம மாடி ஏறிடுமா?" கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "வரட்டும். டாக்டரையும் வரச் சொல்லு. எல்லார் முன்னாலயும் பரிட்சை வைக்கட்டும். நான் தோத்தா நானே ஏறிப் போறேன். எவனும் கையப் பிடிக்க வேண்டாம்."

"பரிட்சைக்கு நிக்கத் தெம்பு வேணும்மா. கைய பாருங்க, குச்சி மாதிரி இருக்கு."

மில்லுக்காரிக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மில்லில் மிளகு அரைக்கிற நாளில், சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடக்கிறவனுக்கும் நாக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். எரிச்சல் மூக்கை நம்பி இல்லை. மறுநாள் காலை கஞ்சியில் இடித்த மிளகும் துளி சுக்குப் பொடியும் கலந்து, வறுத்த கடுகை மேலே தூவிக் கொண்டுவந்து வைத்தாள். டெலிபோனம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். நிறுத்தினார். கண்ணோரம் கலங்கியது.

"காரமா? வேணாம்னா விட்டுருங்கம்மா."

"வாய மூடு" என்றார் டெலிபோனம்மா. "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் வாய்க்குள்ள யாரோ பேசுறாங்க. கேட்க விடு."

கிண்ணத்தை வழித்துத் தின்றார். கடுகை மட்டும் தனியாக ஒவ்வொன்றாகக் கடித்தார். அது பல்லில் உடைகிற சத்தம் பிடித்திருக்கிறது என்றார். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் காலி கிண்ணம். பார்த்துக்கொண்டிருந்த டைலர் தனக்கும் வேண்டும் என்றார். மூன்றாம் நாள் ஒன்பது பேருக்கு ஆயிற்று.

புதன்கிழமை மேட்ரன் பார்த்துவிட்டார். டைலருக்கு மிளகு புரைக்கேறி, அவர் இருமிய இருமலில் கூடமே திரும்பியது.

"யாரைக் கேட்டு இதச் செஞ்ச? வயசானவங்க. அல்சர் இருக்கு, பி.பி. இருக்கு. ஒருத்தருக்கு மூச்சு அடைச்சுப் போனா நீயா பதில் சொல்லுவ?"

"மேடம், டெலிபோனம்மா ஆறு நாளா முழுசா சாப்பிடுறாங்க. அவங்களுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. மூக்குதான்..."

"டாக்டர் வேலைய டாக்டர் பாக்கட்டும்."

பன்னிரண்டு புட்டிகளும் அலுவலக அலமாரிக்குள் போயின. பூட்டுச் சத்தம் கேட்டது. மில்லுக்காரி கையில் ஒரு மெமோ வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு மேசைகள் ஒட்டிப் போடப்படவில்லை. முயல் படங்கள் வந்தன. ஒருவரும் குச்சியைத் தொடவில்லை. முப்பது முயல்கள் வெள்ளையாகவே கிடந்தன.

சனிக்கிழமை மகன் வந்தான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் கிரீஸ் கறை, பாக்கெட்டில் நட்டும் போல்ட்டும். கூடத்தில் மேட்ரன் படிவத்தை விரித்து வைத்திருந்தார். வாரம் ஒருமுறை வருகிற டாக்டர், சின்ன வயசுப் பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டெலிபோனம்மா தலையை வாரி, சலவைப் புடவை கட்டி, எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்புகிற மாதிரி எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு எழ வேண்டிய மற்றவர்கள் எழவில்லை. எழுந்து போங்கள் என்று மேட்ரன் இரண்டு தரம் சொன்னார். யாருக்கும் காது கேட்கவில்லை.

"டாக்டரம்மா, நீங்க என்ன வேணா கேளுங்க" என்றார் டெலிபோனம்மா.

டாக்டர் தேதி கேட்டாள், கிழமை கேட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னாள். தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு என்று தடதடவென்று இரண்டு வரைக்கும் வந்து, "போதுமா, பூஜ்யத்துக்குக் கீழயும் போகணுமா?" என்றார்.

"அப்புறம் ஏன் மிளகைச் சோம்புன்னு சொல்றாங்க?" என்றார் மேட்ரன்.

"புட்டியக் கொண்டாங்க. சொல்றேன்."

"அதெல்லாம் உள்ள வச்சுப் பூட்டியாச்சு. இப்ப அது எதுக்கு?"

டைலர் எழுந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். ஏலக்காய் உருண்டது. அடுத்த நாற்காலிக்காரர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். கொத்தமல்லி. ஒரு அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து காகிதப் பொட்டலம் எடுத்தார். ஒருவர் செருப்பைக் கழற்றினார், அதற்குள் இருந்த கிராம்பு வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். மாத்திரை கொடுக்கிற சின்ன டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டதும் ஏழு சேர்ந்தன. இத்தனை வியாழக்கிழமைகளாகப் புட்டிகளில் குறைந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் மில்லுக்காரிக்கு விளங்கியது.

மேட்ரன் வாயைத் திறந்தார். டாக்டர் கையை உயர்த்தி, "இருங்க, பாப்போம்" என்றாள்.

டெலிபோனம்மா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரே ஒவ்வொரு டப்பாவாக அவர் மூக்கருகே வைத்தாள். ஏழுக்கும் "தெரியல" என்றார். சமையலறையிலிருந்து காப்பித்தூளை வரவழைத்து வைத்தாள். தெரியல. பிறகு அதே டப்பாக்களை மூடி, காதருகே குலுக்கினாள்.

"சீரகம். கொத்தமல்லி. கடுகு. இது மிளகு, ஆனா பாதி உடைஞ்சது. ஏலக்காய். வெந்தயம். பட்டை, ரெண்டே துண்டு."

கூடத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். மகன் நம்பாத முகத்தோடு ஒரு காலி டப்பாவை எடுத்து, மேசைக்கடியில் எதையோ போட்டு, குலுக்கினான்.

"அது மசாலா இல்லடா. உன் பாக்கெட்ல கெடக்குற நட்டு" என்றார் கண்ணைத் திறக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்தான். 

"அம்மா... அப்ப அன்னிக்கு கேஸ்..."

"எனக்கு நாத்தம் தெரியல. அதான் விஷயம். மறக்கல, தெரியல. அடுப்ப மூடினேனா இல்லையான்னு மட்டும்..."

"மூடித்தான் இருந்துச்சு."

டெலிபோனம்மா கண்ணைத் திறந்தார்.

"குமிழ் மூடித்தாம்மா இருந்துச்சு. ரப்பர் குழாய்தான் வெடிச்சிருந்துச்சு. மூணு நாள் கழிச்சு கழட்டிப் பாத்தேன். நான்தான் புதுசு மாத்தினேன். வருஷா வருஷம் மாத்த வேண்டியது. ஊரு லிப்ட்ட எல்லாம் செக் பண்றவன், என் வீட்டுக் குழாய செக் பண்ணல. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு... உங்கிட்ட அவ்ளோ கத்திட்டேன். நீயும் ஒண்ணும் பேசல. அப்படியே விட்டுட்டேன்."

 டெலிபோனம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ குமிழைத் திருப்புகிற மாதிரி ஒருமுறை அசைந்தன.

"மூடினேன்" என்றார் தனக்குத்தானே. பிறகு சத்தமாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி: "மூடினேன்!"

மேசையில் கிடந்த படிவத்தை இழுத்தார். மகன் சட்டையிலிருந்து பேனாவை உருவினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே எழுதினார். மூக்கு வேலை செய்யவில்லை. மூளை வேலை செய்கிறது. மேலே போக மாட்டேன். கீழே தன் கையெழுத்தைப் போட்டு மேட்ரன் பக்கம் தள்ளினார்.

"இதையும் ஃபைல்ல வைங்க. முதல் பக்கமா வைங்க. இவ கஞ்சியில மிளகு போட்டதால நான் எழுந்து நிக்கிறேன். அந்த மெமோவ எடுக்கலன்னா திங்கக்கிழமையிலிருந்து இங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். சாப்பிட."

"பேசுவோம்" என்று டைலர் திருத்தினார். "சாப்பிடத்தான் மாட்டோம்."

மேட்ரன் டாக்டரைப் பார்த்தார். "நைசா அரைச்சுக் கஞ்சியில நல்லா கரைச்சுட்டா புரைக்கேறாது. அல்சர் இருக்கிறவங்களுக்கு வேண்டாம். யாருக்கு எவ்வளவுன்னு நான் எழுதித் தர்றேன்" என்றாள் டாக்டர். மேட்ரன் இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மில்லுக்காரியிடம் நீட்டினார். மெமோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் அதுவும் போய்விட்டது.

மகன் தரையில் குந்தி உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "வீட்டுக்கு வந்துரும்மா. தூக்கிக்கிட்டாவது போறேன்."

"மூணு மாடிக்கு நான் மூட்டையா? இங்கயே இருக்கேன். இங்க எனக்கு வேலை இருக்கு. முதல்ல உன் பொண்டாட்டிக்குப் போன் போடு. இப்ப சொன்னத அவகிட்ட சொல்லு. எனக்குக் கேட்கிற மாதிரி போடு."

"வீட்டுக்குப் போயி நானே..."

"இப்ப."

அவன் போட்டான். சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவன் போனைப் பார்த்தான். "இருக்கா. மூச்சு கேட்குது" என்றார் டெலிபோனம்மா.

"போன அத்தகிட்ட குடுங்க" என்றாள் மருமகள்.

"சொல்லும்மா."

"அத்த... இத்தன நாளா பாப்பாவ உங்ககிட்ட விடவே இல்லையே நான்."

"ஆமா. விடல."

பரவாயில்லை என்று சொல்வார் என எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை.

"நாளைக்கு அவளக் கூட்டிட்டு வா. என் மடியில உக்கார வச்சிட்டு, நீ போயி காப்பி குடிச்சிட்டு மெதுவா வா."

"வர்றேன் அத்த." 

போனைத் திருப்பிக் கொடுத்தார். மகன் எழுந்து, போகாமல், கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றான்.

"எம்மேல கோபமாம்மா?"

"ஆமா" என்றார் டெலிபோனம்மா. "கோபமாத்தான் இருக்கேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருப்பேன். நீ பாட்டுக்கு வந்து போய்க்கிட்டு இரு."